ஸ்தல ஸ்தாபனச் சிப்பந்திகளும் கைபேசிப் பாடமும்

பஞ்சாயத்து ஆபீஸிலோ முனிசிபல் ஆபீஸிலோ வேலை பார்க்கும் ஒருவருக்குப் பயிற்சி அளிப்பதென்றால், சமீப காலம் வரையில் அதற்கு ஒரே முறைதான் இருந்தது. மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். அவர் மூட்டை முடிச்சுடன் பஸ் ஏறுவார். கிராம நிர்வாகத்தைச் சேர்ந்தவரானால் மறைமலை நகரில் உள்ள ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனத்துக்கோ, கிருஷ்ணகிரி, பவானிசாகர், பட்டுக்கோட்டை, டி. கல்லுப்பட்டி, எஸ்.வி. நகரம் ஆகிய ஊர்களில் உள்ள மண்டல நிலையங்களில் ஒன்றுக்கோ போவார். நகர நிர்வாகத்தாருக்குக் கோயமுத்தூரில் தனி நிலையம் உண்டு. சர்க்கார் ஆபீஸ்களில் புதிதாகச் சேரும் குமாஸ்தாக்களுக்கோ பவானிசாகர் என்பது பயிற்சிக்கே மறு பெயராகிவிட்டது. பகலில் விதிகளைக் கேட்டு, சாயங்காலம் அணைக்கட்டுப் பக்கம் உலாவி, இரவில் பக்கத்துக் கட்டில்காரரிடம் அவருடைய ஆபீஸ் சங்கடங்களை விசாரித்துத் திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பகலில் நடந்த பாடத்தைவிட இரவில் நடந்த பேச்சையே அதிகமாகச் சொல்வார்கள்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் சட்டைப் பைக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. 2020-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி மத்திய மந்திரி சபை ‘மிஷன் கர்மயோகி’ என்ற திட்டத்தை அங்கீகரித்தது. மத்திய சர்க்கார் சிப்பந்திகள் சுமார் 46 லட்சம் பேரை உத்தேசித்து, ஐந்து வருஷ காலத்துக்கு ரூ. 510.86 கோடி செலவில், இணையத்தின் மூலம் பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடாயிற்று. ‘ஐகாட் கர்மயோகி’ என்று அந்த இணையப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர். கைபேசியில் அதைத் திறந்து, வேண்டிய பாடத்தைத் தாமே தேர்ந்தெடுத்து, ஒழிந்த வேளையில் கேட்டு, முடிவில் சில கேள்விகளுக்கு விடை குறித்தால், சர்டிபிகேட் உடனே வந்துவிடும். ராஜ்ய சர்க்கார்களும் ஸ்தல ஸ்தாபனங்களும் தங்கள் சிப்பந்திகளை அதில் சேர்க்கலாயின. பதிவு செய்துகொண்டவர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்களென்று 2025-ம் வருஷ மத்தியில் அறிவிக்கப்பட்டது. ஆசிரியர் மாணாக்கரைத் தேடி வருவதும், மாணாக்கர் ஆசிரியரைத் தேடிப் போவதும் ஆகிய இரண்டும் ஒழிந்து, அவரவர் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறை ஏற்பட்டுவிட்டது.

இந்த முறையை நாம் ஆட்சேபிக்கிறோமா? இல்லை. புதிது என்பதற்காக ஒன்றை வெறுப்பது நமது வழக்கமல்ல. இதன் சௌகரியங்களை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆபீஸ் என்பது ஓர் அறை, ஓர் அலமாரி, ஒரு செயலாளர். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் அந்த வேலைக்குப் போதும். ஆனால் அவரிடம் எதிர்பார்க்கப்படும் வேலை எத்தனை! 1993 ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கக்கூடிய விஷயங்கள் என்று 29 இனங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தெரு விளக்கு, மேல்நிலைத் தொட்டி, வருஷத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள், அவற்றின் தீர்மானப் புஸ்தகம், தணிக்கை வரும்போது கணக்கு, இவை போதாதென்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய விவரங்கள் வேறு. இந்த மனிதர் பயிற்சிக்கென்று ஒரு வாரம் வெளியூர் போனால் பஞ்சாயத்து ஆபீஸ் ஒரு வாரம் பூட்டிக் கிடக்கும். ஆறு நிலையங்களைக் கொண்டு 12,500 பேருக்கும் முறை வைத்துச் சொல்லிக் கொடுப்பதென்றால், கடைசி ஆளின் முறை வருவதற்குள் முதல் ஆள் கற்றது பழையதாகிவிடும். கைக்குழந்தையுடன் வேலைக்கு வரும் பெண் குமாஸ்தா ஒருவர் பல வாரம் வெளியூரில் போய்த் தங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இத்தகையவர்களுக்குக் கைபேசிப் பாடம் ஓர் உபகாரமே.

சட்டம் மாறும் சமயங்களில் இதன் உபயோகம் இன்னும் நன்றாய்த் தெரியும். 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் அந்த வருஷம் அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அன்று முதல் பிறந்த குழந்தைக்கு, பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கும், வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவதற்கும், டிரைவிங் லைசென்ஸ் எடுப்பதற்கும், விவாகத்தைப் பதிவு செய்வதற்கும், பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம். சான்றில் தகப்பனார் பெயரின் முதலெழுத்துத் தவறாக விழுந்தால், அந்தத் தவறு குழந்தையுடன் கூடவே வளரும். கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரும், நகரங்களில் சுகாதார ஆய்வாளரும் இதைப் பதிவு செய்கிறவர்கள். ஒரே தேதியில் மாறிய விதியை அத்தனை பேருக்கும் ஒரே தேதியில் தெரிவிக்க, ஒரு மணி நேரப் பாடத்தைப் போல வேறு சாதனம் கிடையாது. முன்பெல்லாம் சுற்றறிக்கை மேஜைக்கு மேஜை நகர்ந்து, இன்ஷியல் பெற்று, கோப்பிலே போய் உறங்கும். படித்தவர் யார், இன்ஷியல் மாத்திரம் போட்டவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நமது ஆட்சேபம் ஆரம்பமாகிறது. அறிவிப்பது வேறு, பயிற்சி அளிப்பது வேறு. முன்னதைக் கைபேசி நன்றாகவே செய்கிறது. அதைச் செய்துவிட்டதனாலேயே பின்னதும் நடந்துவிட்டதாகக் கணக்கு எழுதுவதுதான் அபாயம்.

எடுத்துக்காட்டாக, பாதாளச் சாக்கடை வேலையை எடுத்துக்கொள்வோம். மனிதனைத் தக்க பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடையிலோ மலக்குழித் தொட்டியிலோ இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. மீறினால் முதல் குற்றத்துக்கு 2 வருஷம் வரை சிறைவாசம், அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5 வருஷம், 5 லட்சம். அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014 மார்ச் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20-ந் தேதி வழங்கிய மற்றொரு தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது, இரண்டையும் விளக்கிப் பாடம் தயாரிப்பதும் எளிது. ஒரு சுகாதார மேஸ்திரி அதைப் பூராவும் பார்த்து, பத்துக் கேள்விக்குப் பத்தும் சரியாக விடை குறித்துவிடலாம்.

ஆனால் குழிக்குள்ளே இருப்பது சட்டப் பிரிவல்ல, வாயு. ஹைட்ரஜன் சல்பைடு என்ற அந்த விஷ வாயு காற்றைவிடக் கனமானது. ஆகையால் அடியிலே தங்கும். சொற்ப அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்துவிட்டாலோ, முகரும் சக்தியையே அது மரத்துப் போகச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று இறங்குகிறவன் அங்கேதான் விழுகிறான். கோர்ட்டுப் பாஷையில் சொன்னால், மூக்கு இங்கே பிறழ் சாட்சி. விழுந்தவனைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குகிறான். அவனைத் தூக்க மூன்றாவது ஆள். இந்த மரணங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளைக் கவனித்தவர்களுக்கு, ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் மாண்ட விவரம் எவ்வளவு சாதாரணமென்று தெரியும்.

இதற்கு வேண்டிய பயிற்சி என்ன? மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் காற்றாட விடுவது, வாயு மானியைக் கயிற்றில் கட்டி எந்த எந்த ஆழத்தில் நிறுத்திப் பார்ப்பது, அது கத்தினால் என்ன செய்வது, கத்தாமல் பாட்டரி செத்துக் கிடந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கூட்டாளி விழுந்ததும் குதிக்கத் துடிக்கும் காலை எப்படி அடக்குவது — இவற்றைக் குழியின் விளிம்பிலே நின்று, தெரிந்தவர் பக்கத்திலிருக்க, பல தடவை செய்து பார்த்துத்தான் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘சாதனம் இல்லை, ஆகையால் ஆளை இறக்க மாட்டேன்’ என்று மேலதிகாரியிடம் சொல்லும் தைரியம் மேஸ்திரிக்கு வர வேண்டும். மேலதிகாரியும் மேஸ்திரியும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, அதிகாரியின் வாயாலேயே அது சொல்லப்பட்டால் ஒருகால் அந்தத் தைரியம் வரலாம். படுக்கையில் சாய்ந்துகொண்டு கைபேசியைப் பார்த்தவருக்கு அது எங்கிருந்து வரும்? அதோடு, குழியில் இறங்குகிறவன் பெரும்பாலும் கான்ட்ராக்டருடைய ஆள். சிப்பந்திகள் பட்டியலில் அவன் பெயரே இல்லாதபோது பாடம் யாருக்கு?

இது உயிர் போகும் விஷயம். எல்லா வேலையும் அப்படிப்பட்டதா என்று சிலர் கேட்கலாம். உயிர் போகாத விஷயம் ஒன்றையும் சொல்லுகிறோம். வக்கீல் தொழிலை இன்னும் முழுவதும் விட்டுவிடாத நமது அனுபவத்தில் வந்தது இது. வயதான விதவை ஒருத்தி, காலஞ்சென்ற தன் புருஷன் பேரில் இருந்த வீட்டு வரியைத் தன் பேருக்கு மாற்ற ஒரு முனிசிபாலிடிக்குப் போனாள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று கையில் இருந்தது; குழந்தைகளின் சம்மதக் கடிதமும் இருந்தது. அங்கிருந்த இளைஞர், ‘கோர்ட்டிலிருந்து ஸக்ஸெஷன் சர்டிபிகேட் கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாலைந்து மாதம் அலைந்து, கடைசியில் கோர்ட்டுச் செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு நம்மிடம் வந்தாள்.

1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி அந்த சர்டிபிகேட் இறந்தவருக்கு வர வேண்டிய கடன்களையும், பங்குப் பத்திரம் முதலியவற்றையும் வசூலிப்பதற்கே உரியது. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை எழுதிக் கடிதம் கொடுத்து அனுப்பினோம், அதற்கும் பதிலில்லை. ஒரு நாள் நாமே போனோம். அந்த இளைஞர் கெட்டவரல்ல. லஞ்சம் எதிர்பார்த்தவரும் அல்ல. நம்மை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தாம் முடித்த இணையப் பாடங்களின் சர்டிபிகேட்டுகளை அச்செடுத்து ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருந்தார். சொத்து, மரணம், வாரிசு என்றால் ஸக்ஸெஷன் சர்டிபிகேட் என்று எங்கோ கேட்ட ஒரு வார்த்தை அவர் மனதில் தங்கிவிட்டது. தவறு செய்தால் பொறுப்பு தமக்கு வருமே என்ற பயம் அதை இறுக்கிவிட்டது. ‘சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?’ என்றோம். சிறிது யோசித்துவிட்டு, ‘யாரைக் கேட்பது, சார்?’ என்றார்.

அந்த ஆபீஸில் முன்பு தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் வேறு காரியமாக அன்று வந்திருந்தார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதனால் மாத்திரம் சொத்து உரிமை உண்டாகிவிடாது, வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வைத்திருக்கும் கணக்கு அது, ஆகவே வாரிசுச் சான்றை வைத்துப் பெயர் மாற்றினால் ஒன்றும் முழுகிப் போய்விடாது என்று பத்து நிமிஷத்தில் புரிய வைத்தார். அந்த வாரமே பெயர் மாறிற்று. எத்தனையோ சர்டிபிகேட்டுகள் தர முடியாததை அந்தப் பத்து நிமிஷம் தந்தது. ஆனால் அந்தப் பெரியவர் அன்று வந்தது தற்செயல். நிர்வாகத்தைத் தற்செயலின் பேரில் நடத்த முடியுமா?

தாமே எடுத்துக்கொள்ளும் முறையின் அடிப்படைக் கோளாறு இங்கே இருக்கிறது. தமக்கு எது தெரியாது என்பதைத் தெரிந்தவரே சரியான பாடத்தைத் தேடிப் போவார். அது தெரியாதவர் குறுகிய பாடத்தை எடுப்பார், எளிதான பாடத்தை எடுப்பார், மேலதிகாரி எடுக்கச் சொன்ன பாடத்தை எடுப்பார். அன்னசத்திரம் கட்டி, அறுசுவையும் சமைத்து வைத்துவிட்டு, இலை போட ஆள் வைக்காத கதைதான்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்கிறவனே கர்மயோகி என்பது நமது பெரியோர்கள் கொண்ட பொருள். இந்தக் கர்மயோகிக்கோ பாடம் முடிக்கும்தோறும் ‘கர்மா பாயிண்ட்’ என்று மதிப்பெண் ஏறுகிறது. பலனை எண்ணி எண்ணிப் பார்ப்பதற்கே வசதி செய்து கொடுத்துவிட்டு, கர்மயோகி என்று பெயரும் வைத்தவரின் நகைச்சுவையை மெச்ச வேண்டியதுதான்.

மதிப்பெண் ஏறினால் மேலிடத்தில் எண்ணிக்கை கேட்பார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். ஒரு பேரூராட்சியில் நடந்ததாக நமக்குத் தெரிந்தவர் சொன்னார்: மாதக் கடைசியில், இன்னின்ன பாடங்களை அன்று மாலைக்குள் எல்லாரும் முடித்திருக்க வேண்டுமென்று வாட்ஸாப்பில் தாக்கீது வந்தது. வரி வசூல் வேலை தலைக்கு மேல் இருந்தது. கம்ப்யூட்டர் வேலைக்கென்று தாற்காலிகமாக வைத்திருந்த பையன் ஒருவனிடம் ஐந்து பேர் தங்கள் கைபேசிகளைக் கொடுத்தார்கள். அவன் ஐந்தையும் மேஜைமேல் வரிசையாகச் சாய்த்து வைத்து, சப்தத்தை அடக்கி, ஐந்திலும் பாடத்தை ஓடவிட்டான். விடைகள் வேறோர் ஊரிலிருந்து வாட்ஸாப்பிலேயே வந்து சேர்ந்தன. மாலை ஐந்து மணிக்கு நூற்றுக்கு நூறு என்று அறிக்கை போயிற்று. அந்தப் பாடத்தை அன்று உண்மையில் கேட்டவர் ஒருவருமில்லை. பையனுக்கு ஒரு டீ கிடைத்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஐந்து பேரைத் திட்டுவதற்கு நமக்கு மனம் வரவில்லை. பாடம் கேட்பதற்கென்று நேரம் ஒதுக்காமலே பாடம் முடிக்க வேண்டுமென்று உத்தரவிட்டால் வேறென்ன நடக்கும்? 2024 அக்டோபர் 19 முதல் 25 வரை தேசியக் கற்றல் வாரம் என்று கொண்டாடி, ஒவ்வொருவரும் குறைந்த பட்சம் நான்கு மணி நேரம் கற்க வேண்டுமென்று சொன்னார்கள். நல்ல காரியம். அந்த நான்கு மணி எந்த நான்கு மணி? மத்திய சர்க்காரின் பெரிய ஆபீஸில் ஒருவர் எழுந்து போனால் அவருடைய வேலையைப் பார்க்க மற்றொருவர் இருப்பார். பேரூராட்சியில் வரி வாங்கும் ஜன்னலில் இருப்பவர் ஒருவர்தான். எதிரே ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே பாடம் வீட்டுக்குப் போகிறது. சமையலை முடித்து, குழந்தைகளைத் தூங்க வைத்து, பதினொரு மணிக்குக் கைபேசியை எடுக்கும் பெண் சிப்பந்திக்கு, ‘ஒழிந்த வேளையில் கற்கலாம்’ என்ற வாசகம் எப்படித் தோன்றும் என்று சற்று நினைத்துப் பாருங்கள். முன்பு மறைமலை நகரில் ஒரு நாள் பயிற்சி என்றால் அந்த நாள் வேலை நாளாகவே கணக்கிடப்பட்டது. பிரயாணப் படியும் உண்டு. இப்போது நேரமும் சிப்பந்தியுடையது, கைபேசியும் சிப்பந்தியுடையது, இணையக் கட்டணமும் சிப்பந்தியுடையது. வேலைக்கு அவசியமான பயிற்சி வேலையின் ஒரு பகுதிதான் என்ற நியாயத்தை நாம் கைவிடக் கூடாது.

செலவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். திட்டத்துக்கு ஒதுக்கிய 510.86 கோடியை 46 லட்சம் பேருக்குப் பங்கிட்டுப் பார்த்தால், ஐந்து வருஷத்துக்கு ஆளுக்குச் சுமார் 1,110 ரூபாய் ஆகிறது. வருஷத்துக்கு 222 ரூபாய். இவ்வளவு மலிவாகக் கல்வி கிடைப்பதைக் குறை கூறுவானேன் என்று கேட்பார்கள். மலிவைக் குறை கூறவில்லை. மிச்சமான பணம் எங்கே போகிறது என்பதே நமது கேள்வி. ரயில் சத்தமும் விடுதிச் செலவும் மிச்சமானால், அந்தப் பணத்தைக் கொண்டு தாலுகாவுக்கு ஒருவர் வீதம், அனுபவமுள்ள தலைமைக் குமாஸ்தாக்களையோ ஓய்வு பெற்ற நிர்வாக அலுவலர்களையோ நியமிக்கலாமே! அவர்கள் வாரம் ஓர் ஆபீஸாகப் போய் உட்கார்ந்து, அங்கே தேங்கிக் கிடக்கும் கோப்புகளையே பாடப் புஸ்தகமாக வைத்துச் சொல்லிக் கொடுக்கட்டும். சந்தேகம் வந்தவர் டெலிபோனில் கேட்க ஒரு நம்பர் இருக்கட்டும். கேட்டதற்கு எழுத்து மூலம் பதில் வரட்டும். அந்தப் பதிலை நம்பிக் காரியம் செய்த குமாஸ்தாவின் மேல் பிறகு குற்றச்சாட்டு வராதென்று உத்தரவாதமும் இருக்கட்டும். விதிகளை மாத்திரம் கைபேசி சொல்லட்டும். நல்ல தமிழில், வேலைக்காரன் பேசும் தமிழில் சொல்லட்டும். மொழிபெயர்ப்புத் தமிழைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு தனிப் பயிற்சி வைக்கும்படி ஆகிவிடக் கூடாது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒவ்வொருவருக்கும் முறை போட்டு வேலை நேரத்திலேயே ஒதுக்கட்டும். அந்த நேரத்தில் ஜன்னலில் உட்கார வேறோர் ஆள் இல்லாத ஆபீஸில் முதலில் ஆளைப் போடட்டும்.

இம்மாதிரி யோசனைகள் புதுமையானவையும் அல்ல. ஸ்தல ஸ்தாபனச் சிப்பந்திகளுக்குக் கல்வி அளிக்கவென்றே 1926-ல் பம்பாயில் ஒரு நிறுவனம் ஏற்பட்டது. சுகாதார ஆய்வாளர் முதலியோருக்கு அது வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. நமது இலாகாப் பரீட்சைகளையே பாருங்கள்: சிலவற்றில் புஸ்தகத்தைப் பார்த்து எழுதலாம். இதை ஏளனம் செய்கிறவர்கள் அதன் கருத்தை உணரவில்லை. விதி மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. எந்த விதி எந்தக் காரியத்துக்குப் பொருந்தும், அதை எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் உத்தேசம். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டும் பரீட்சை அதைச் சோதிக்குமா?

சிப்பந்திகளின் பயிற்சி ஏதோ இலாகா விவகாரம், நமக்கென்ன என்று பொதுஜனங்கள் இருந்துவிடலாகாது. 1882-ம் வருஷம் மே 18-ந் தேதி ரிப்பன் பிரபுவின் சர்க்கார் வெளியிட்ட தீர்மானம், ஸ்தல சுயாட்சியை நிர்வாகத் திறமைக்காக முக்கியமாக நாடவில்லை. ஜனங்களுக்கு அரசியல் கல்வி அளிக்கும் சாதனமாகவே அதை மதித்தது. சேலம் முனிசிபாலிடியில் 1917 முதல் 1919 வரை தலைவராயிருந்த ராஜாஜியும், அலகாபாத்தில் 1923 முதல் 1925 வரை இருந்த நேருவும், ஆமதாபாத்தில் 1924 முதல் 1928 வரை இருந்த வல்லபபாய் படேலும், குழாய்த் தண்ணீரையும் சாக்கடையையும் வரிப் பாக்கியையும் பார்த்துவிட்டுத்தான் தேச நிர்வாகத்துக்குப் போனார்கள். அந்தக் கல்வியில் கோப்பைத் திறந்து பக்கத்தைக் காட்டியவர் ஆபீஸ் குமாஸ்தாவே.

பிரதிநிதிகளே இல்லாத காலமும் நமக்கு வாய்த்தது. தமிழ்நாட்டில் ஸ்தல ஸ்தாபனங்களின் பதவிக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகரங்களில் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் வார்டில் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. கிராமங்களிலும் பெரும்பாலான ஜில்லாக்களில் 2019 டிசம்பர் வரை இதே நிலைமை. அக்காலத்தில் குழாயில் தண்ணீர் வராத ஏழைக்கு முறையிட்டுக்கொள்ள இருந்தவர் ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த சிப்பந்தி ஒருவர்தான். அவருக்கு விதி தெரியுமா, தெரிந்ததைத் தைரியமாகச் செய்வாரா என்பதைப் பொறுத்தே சர்க்கார் இருக்கிறதா இல்லையா என்று அந்த ஏழை தீர்மானித்தான்.

சட்டசபையில் நகர நிர்வாக மானியமும் ஊரக வளர்ச்சி மானியமும் விவாதத்துக்கு வரும்போது, எத்தனை பேர் எத்தனை பாடம் முடித்தார்கள் என்ற புள்ளி விவரம் நிச்சயம் படிக்கப்படும். அங்கத்தினர்கள் அதோடு விட்டுவிடக் கூடாது. பாடம் முடித்த ஊர்களில் பிறப்புச் சான்றுத் திருத்த மனுக்கள் குறைந்தனவா, திருப்பி அனுப்பப்பட்ட பெயர் மாற்ற மனுக்கள் எத்தனை, வாயு மானியைக் கையால் தொட்டுப் பழகிய மேஸ்திரிகள் எத்தனை பேர், அவர்களில் கான்ட்ராக்டர் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். பதில் கையில் இல்லை என்று மந்திரி சொன்னால், அதுவும் சபைக் குறிப்பில் ஏறட்டும்.

மேலே சொன்ன முனிசிபல் இளைஞர் சென்ற மாதம் ஒரு சாயங்காலம் நமது ஆபீஸுக்கு வந்தார். 1925-ம் வருஷத்துச் சட்டத்தின் புஸ்தகம் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி, கடைசிப் பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். சம்மதக் கடிதமும் அனுப்பவில்லை, மறுப்பும் எழுதவில்லை. மற்ற இருவரும் பெயர் மாற்றம் கேட்கிறார்கள், என்ன செய்யலாம் என்றார். அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நமக்கும் தைரியம் வரவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னோம். ஓய்வு பெற்ற அந்தத் தலைமைக் குமாஸ்தாவுக்கும் சொல்லி அனுப்பினோம்.